விளம்பரத்துக்கு 36,000 ரூபாய் போச்சு, 12 காக்கா ஸ்டிக்கர் புத்தகத்தை வித்துச்சு: ஒரு கணக்கு



போன வருஷம் மார்ச் கடைசி வாரம். சிஏ ஆபீஸ்ல அந்த வாரம் எப்படி இருக்கும்னு நான் சொல்லவே வேண்டாம். அந்த நெருக்கடியில திருச்சியில இருந்து ஒரு கிளையண்ட் வந்தாங்க. ஓவியர். குழந்தைகளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் சொந்தமா எழுதி, வரைஞ்சு, அச்சடிச்சிருந்தாங்க. ஞாபக மறதி உள்ள ஒரு காக்காவோட கதை. எனக்கு ஒரு பிரதி குடுத்தாங்க. என் பொண்ணு அதை ராத்திரி மூணு தடவை படிக்கச் சொல்லுவா. புத்தகம் அவ்வளவு நல்லா இருந்துச்சு.

ஆனா கணக்கு நல்லா இல்ல. 1,000 பிரதி அச்சடிக்க 90,000 ரூபாய். அது நகைக் கடன். அதுக்கு மேல மூணு மாசம் சோஷியல் மீடியா விளம்பரத்துக்கு 36,000. "அண்ணா, இன்னும் ஒரு 30,000 போட்டா பிக்கப் ஆயிடும்னு சொல்றாங்க. அம்மாகிட்ட வளையலை கேட்கலாமா?"ன்னு கேட்டாங்க. அவங்க அனுமதியோட, அடையாளம் தெரியாம அந்தக் கணக்கை இங்க எழுதறேன். புத்தகம், ஓவியம், பாட்டு, கைவினைப் பொருள்னு சொந்தமா ஏதாவது உருவாக்கி விக்கிற எல்லாருக்கும் இது உதவும்.

முதல் கணக்கு: ஒரு பிரதிக்கு என்ன மிஞ்சுது?

புத்தக விலை 180 ரூபாய். அச்சுச் செலவு 90. கூரியரும் பேக்கிங்கும் சேர்த்து 50, அதை இவங்களே ஏத்துக்கிட்டாங்க. மிச்சம் 40 ரூபாய்.

விளம்பரம் பார்த்து வந்த ஆர்டர் மொத்தம் 120. 36,000-ஐ 120-ஆல வகுத்தா, ஒரு ஆர்டர் கொண்டுவர 300 ரூபாய் செலவு. கையில மிஞ்சறது 40, அதைக் கொண்டுவர ஆனது 300. அதாவது ஒவ்வொரு பிரதி விக்கும்போதும் 260 ரூபாய் நஷ்டம். மொத்தமா 31,200.

இந்த நிலைமையில இன்னும் 30,000 போட்டா பிக்கப் ஆகிறது நஷ்டம்தான். விளம்பரமே தப்புன்னு நான் சொல்லல. 5,000 ரூபாய் பொருள் விக்கிறவருக்கு 300 ரூபாய் விளம்பரச் செலவு கட்டுப்படியாகும். 180 ரூபாய் பொருளுக்கு ஆகாது. வளையலை விட்டுடுங்கன்னு சொன்னேன்.

"அப்ப எப்படி அண்ணா விக்கிறது?"

எனக்கு மார்க்கெட்டிங் தெரியாது. அதனால ஒரு கேள்விதான் கேட்டேன்: "இந்தப் புத்தகம் சம்பந்தமா, காசு வரலைன்னாலும் நீங்க சந்தோஷமா செய்யற வேலை எது?" கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "பக்கத்து வீட்டுப் பசங்களோட கண்ணாமூச்சி ஆடறது"ன்னு சொன்னாங்க. ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம்.

காக்காவைத் தேடு

ஆனா அதையேதான் பண்ணாங்க. ஏப்ரல், மே லீவுல அவங்க ஏரியாவுல இருக்கிற 12 கடைகள்ல, கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு, கதையில வர்ற காக்காவை ஸ்டிக்கரா ஒட்டுனாங்க. டீக்கடை கண்ணாடியில ஒண்ணு, டெய்லர் கடை மிஷின் ஓரமா ஒண்ணு, மாவு மில்லுல ஒண்ணு, சலூன்ல ஒண்ணு. காக்கா ஒவ்வொரு இடத்துலயும் ஒரு பொருளை மறந்து வெச்சிருக்கும். 12 பொருளையும் கண்டுபிடிச்சு எழுதிட்டு ஞாயித்துக்கிழமை காலையில பூங்காவுக்கு வர்ற குழந்தைக்கு ஒரு பேட்ஜ். அங்கேயே கதை சொல்றது, பக்கத்துல ஒரு ஸ்டூல் மேல புத்தகம். வாங்குங்கன்னு யாரையும் கேட்கல.

செலவு: ஸ்டிக்கர் 1,200, 300 பேட்ஜ் 3,600, நோட்டீஸ் 800, ஆட்டோ 1,400. மொத்தம் 7,000. எட்டு ஞாயிறுல 175 பிரதி வித்துச்சு. ஒரு பிரதிக்கு 40 ரூபாய் செலவு. கையில குடுக்கறதால கூரியர் கிடையாது, மிச்சம் 90. செலவு போக 50. மொத்தம் 8,750 ரூபாய் லாபம்.

இங்க நான் சிஏவா இன்னொரு கேள்வி கேட்டாகணும்: உங்க நேரத்துக்கு விலை போட்டீங்களா? தயாரிப்பும் சேர்த்து கிட்டத்தட்ட 40 மணி நேரம். அப்படிப் பார்த்தா மணிக்கு 219 ரூபாய்தான். இதைச் சொன்னப்ப அவங்க சொன்ன பதில் எனக்கு மறக்கல: "அண்ணா, விளம்பரம் ஓடுன மூணு மாசம் தினமும் ராத்திரி போனை பார்த்துட்டு தூங்காம கிடந்தேன். அந்த நேரத்துக்கு யாரு விலை போட்டாங்க?"

நியாயம்தானே? பிடிக்காத விளம்பர வேலையில நம்ம நேரம் ஒரு செலவு. அது நோட்டுல வராது, ஆனா ஆறு மாசத்துல நம்மை நிறுத்த வைக்கும். பிடிச்ச வேலைன்னா ரெண்டு வருஷம் ஆனாலும் செய்வோம். சின்ன படைப்பாளிக்கு விற்பனை மெதுவாதான் வரும். அதனால ரெண்டு வருஷம் தாக்குப்பிடிக்கிற வழிதான் லாபமான வழி. சந்தோஷத்தை நான் கணக்குல சேர்க்கிறது இதுக்காகத்தான்.

120 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர்

இது புது ஐடியா இல்ல. இங்கிலாந்துல பியாட்ரிக்ஸ் பாட்டர், 1893-ல உடம்பு சரியில்லாத ஒரு பையனுக்குப் படம் போட்டு எழுதின கடிதத்துல இருந்து வந்ததுதான் பீட்டர் ராபிட் கதை. பதிப்பாளர்கள் வேண்டாம்னு சொன்னாங்க. 1901 டிசம்பர்ல சொந்தக் காசுல 250 பிரதி மட்டும் அச்சடிச்சாங்க. அடுத்த வருஷமே ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் அதை வெளியிட்டுச்சு. 1903-ல அந்த முயலை அவங்களே பொம்மையா தைச்சு, காப்புரிமை அலுவலகத்துல பதிவும் பண்ணாங்க. அப்புறம் அதை வெச்சு ஒரு போர்டு கேமும் உருவாக்குனாங்க. விளையாட்டா செஞ்ச பொம்மை புத்தகத்துக்கு விளம்பரமாவும் ஆச்சு, தனி வருமானமாவும் ஆச்சு.

ஒரு இடத்துல மட்டும் கோட்டை விட்டாங்க. அமெரிக்காவுல காப்புரிமையைப் பதிப்பகம் சரியா வாங்கி வைக்கல. அங்க மத்தவங்க அச்சடிச்சு வித்தாங்க, பாட்டருக்குப் பங்கு வரல. இன்னிக்கு நம்ம நாட்டுல நீங்க எழுதின, வரைஞ்ச உடனே காப்புரிமை உங்களுக்கு வந்துடும், பதிவு கட்டாயம் இல்ல. ஆனா தகராறுன்னு வந்தா பதிவு நல்ல சாட்சி.

நம்ம ஊர் உதாரணம் அமிஷ் திரிபாதி. ஐஐஎம் கல்கத்தாவுல படிச்சு, நிதித் துறையில வேலை பார்த்தவர். 2010-ல முதல் நாவல் வந்தப்ப, முதல் அத்தியாயத்தை மட்டும் தனியா அச்சடிச்சு புத்தகக் கடைகள்ல இலவசமா குடுக்க வெச்சார். முழுப் புத்தகம் குடுத்தா ஆகிற செலவுல சின்னப் பங்குதான் இதுக்கு ஆகும். மீதிக் கதை தெரியணும்னா வாங்கித்தான் ஆகணும்!

கூச்ச சுபாவம் உள்ளவங்க பூங்காவுல நின்னு கதை சொல்ல வேண்டியதில்ல. ஒவ்வொரு பார்சல்லயும் கையால வரைஞ்ச ஒரு கார்டு வைக்கலாம். பாடறவங்க ஒரு ரசிகர் வீட்டு மொட்டை மாடியில இருபது பேருக்குப் பாடலாம். எழுதறவங்க முதல் அத்தியாயத்தை குழந்தை டாக்டர் கிளினிக்ல, சலூன்ல வைக்கலாம். எது செஞ்சாலும் மூணு கேள்வி: ஒரு பிரதிக்கான செலவு, ஒரு பிரதியில மிஞ்சறதை விடக் கம்மியா? யாரும் வாங்கலைன்னாலும் இதைச் செய்வேனா? முடிஞ்சப்புறம் நாலு பேரோட பழக்கமாவது மிஞ்சுமா? மூணுக்கும் ஆமான்னா தைரியமா இறங்குங்க.

கணக்குல கவனிக்க வேண்டியது

1. தொழிலுக்காக மட்டுமே ஆன விளம்பரச் செலவை வருமானத்துல கழிக்கலாம். ஸ்டிக்கர், பேட்ஜ் எல்லாமே விளம்பரச் செலவுதான். பில் வாங்குங்க. ஆட்டோவுக்கு பில் வராது, தேதி போட்டு ஒரு வவுச்சர் எழுதி வைங்க. ஒரே நாள்ல ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா அந்தச் செலவைக் கழிக்க முடியாது.

2. 44ஏடின்னு நாம சொல்ற உத்தேச வருமான முறையில 8% அல்லது 6% லாபம்னு காட்டறீங்கன்னா, இந்தச் செலவைத் தனியா கழிக்க முடியாது. உண்மையில நஷ்டம்னா, எந்த முறை நல்லதுன்னு ஆடிட்டரைக் கேட்டு முடிவு பண்ணுங்க.

3. இலவசமா குடுத்த பிரதியையும் எழுதுங்க. அதோட மதிப்பு 180 இல்ல, அடக்க விலை 90. எழுதலைன்னா வருஷக் கடைசியில ஸ்டாக் இடிக்கும்.

4. அச்சடிச்ச புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்ல. ஆனா பேட்ஜ், பொம்மை, டீஷர்ட்னு விக்க ஆரம்பிச்சா கதை வேற. அதுவும் வெளி மாநிலத்துக்கு அனுப்புனா, விற்பனை சின்னதா இருந்தாலும் பதிவு தேவைப்படலாம். விக்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

5. சுவர்ல அனுமதி இல்லாம ஒட்டாதீங்க. தமிழ்நாட்ல அதுக்கு 1959-லயே சட்டம் இருக்கு. குழந்தைங்க போட்டோ போடணும்னா பெத்தவங்க சம்மதம் வாங்குங்க.

கடைசியா, அந்த 1,000 பிரதி என்னாச்சு? விளம்பரத்துல 120, காக்கா தேடுனதுல 175, சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க 85. மீதி 620 இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. நகைக் கடன் முழுசா அடையல, வட்டி மட்டும் தவறாம கட்டறாங்க. இதை மறைச்சு, ஒரே சீசன்ல எல்லாம் வித்துடுச்சுன்னு எழுதினா உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல.

ஆனா அம்மாவோட வளையல் அம்மா கையிலயேதான் இருக்கு. இந்த லீவுல பக்கத்து ஏரியாவுலயும் காக்கா ஒட்டப் போறாங்களாம். அந்த மாவு மில்காரர், "எங்க கடையில இன்னொண்ணு ஒட்டும்மா, பசங்க கேட்கறாங்க"ன்னு சொன்னாராம்.

நீங்க என்ன உருவாக்கறீங்க, ஒண்ணு வித்தா கையில எவ்வளவு மிஞ்சுதுன்னு இன்னிக்கே ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. அந்த நம்பர் தெரியாம விளம்பரத்துக்கு ஒரு ரூபாய்கூட போடாதீங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.