நிறம் போனால் நீர் தூய்மையாகுமா?



சென்ற திருவிழாவின்போது உபயமாக வந்த வேட்டி சேலைகளை ஆலய அலுவலகத்தில் அடுக்கிக்கொண்டிருந்தோம். உபயகாரரான ஓர் அம்மையார், "ஐயா, இந்தத் துணிகளுக்குச் சாயம் ஏற்றிய தண்ணீர் கடைசியில் எங்கே போகும்?" என்று கேட்டார். அறிவியல் ஆசிரியராக இருந்தவன் நான். ஆயினும் அன்று சரியான பதில் சொல்லவில்லை. அந்தக் குறையை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர் பட்டீசுவரர் ஆலயத்தை ஒட்டி ஓடி, திருப்பூரைக் கடந்து காவிரியில் கலப்பது நொய்யல் ஆறு. திருப்பூரின் சாயப்பட்டறைக் கழிவு அதில் பல ஆண்டுகள் கலந்தது. பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் குட்டையாயிற்று. விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில், கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

சாய நீரைச் சுத்தம் செய்வது ஏன் கடினம்? வெயிலிலும் சலவையிலும் மங்கக் கூடாது என்றே சாயங்கள் தயாரிக்கப்படுகின்றன. துணியில் அந்த உறுதி நன்மை. ஆற்றிலோ அதுவே தீமை. படிகாரம் போன்றவற்றைச் சேர்த்தால் சாயம் அடியில் படியும். ஆனால் அது அழிவதில்லை. நீரிலிருந்து சேற்றுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

சாயத்தையே உடைக்க உதவுபவை திட வினையூக்கிகள். கல்யாணத் தரகர் இரு வீட்டாரைச் சேர்த்து வைத்துவிட்டு, தாம் மாறாமல் அடுத்த வீட்டுக்குப் போவார் அல்லவா? வினையூக்கியும் அப்படித்தான்: வினையை விரைவுபடுத்தும், தான் தீர்ந்து போகாது. திடப்பொருளாக இருப்பதால் நீரிலிருந்து பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

இவற்றுள் புகழ்பெற்றது தைட்டானியம் டையாக்சைடு. நம் ஆலயச் சுவர்களுக்கு அடிக்கும் வெள்ளைச் சாயத்தில் இருப்பதும் இதுவே. 1972-இல் ஜப்பானிய அறிஞர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும், ஒளிபட்ட தைட்டானியம் டையாக்சைடு நீரையே பிரிக்க வல்லது என்று வெளியிட்டனர். சாய நீரில் இத்துகளைக் கலந்து புற ஊதாக் கதிர் படச் செய்தால், அதிலுள்ள எலெக்ட்ரான்கள் கிளர்ந்தெழுகின்றன. நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து, மிகத் தீவிரமான ஹைட்ராக்சில் கூறுகள் உண்டாகின்றன. அவை சாய மூலக்கூறைத் துண்டு துண்டாக உடைக்கின்றன. வினை முழுமையடைந்தால் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீரும் சில எளிய உப்புகளுமே மிஞ்சும். பழைய வெள்ளைச் சுவரைத் தடவினால் கையில் மாவு ஒட்டுகிறதே, அதற்கும் இவ்வினை ஒரு காரணம். வெயிலில் இது சாயத்தின் பசையையே அரித்துவிடுகிறது!

ஒளியின்றிச் செயல்படும் முறையும் உண்டு. இரும்பு கலந்த திடப்பொருளுடன் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ப்பது அது. இரும்பு உப்புக்கு இத்தன்மை உண்டென்று ஃபென்டன் என்ற அறிஞர் 1894-லேயே எழுதினார்.

ஆயினும் குறைகள் உண்டு. வெயிலில் புற ஊதாக் கதிரின் பங்கு மிகச் சொற்பம். நீர் அடர்ந்த நிறமாக இருந்தால் ஒளி உள்ளே செல்லாது. வினை பாதியில் நின்றால் நிறம் மட்டும் போய், கண்ணுக்குத் தெரியாத நச்சுத் துண்டுகள் தங்கிவிடக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பருத்தியில் சாயம் ஏறுவதற்காகக் கொட்டப்படும் உப்பை எந்த வினையூக்கியாலும் அழிக்க முடியாது. வயலைப் பாழாக்குவதில் அந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. நுண்ணிய சவ்வுகளால் வடிகட்டி, எஞ்சிய நீரை ஆவியாக்கித்தான் உப்பைப் பிரிக்க வேண்டும். அதற்குச் செலவு அதிகம்.

ஆகவே, அம்மையாருக்கு என் பதில் இது: நிறம் போனதாலேயே நீர் தூய்மையாகிவிடாது. கழிவுநீரை முறையாகச் சுத்திகரிக்கும் பட்டறையின் துணி சற்று விலை கூடுதலாக இருக்கலாம். உபயத்திற்குத் துணி வாங்கும்போது கடைக்காரரிடம் அதுபற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். சாயமேற்றாத வெள்ளை வேட்டியும் இறைவனுக்கு உகந்ததே. இறைவனுக்குச் சாற்றும் வஸ்திரத்தால் எங்கோ ஓர் உழவரின் கிணறு கெடாதிருக்கட்டும்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக.