நிலைபேறும் புதுமையும்: மென்பொருள் விநியோகம் பற்றிய ஒரு நோக்கு

மென்பொருள் பற்றிய பேச்சில் 'உறுதியானது' என்னுஞ் சொல் பெரும்பாலும் 'பழுதற்றது' என்ற பொருளிலேயே விளங்கிக்கொள்ளப்படுகின்றது. இவ்விளக்கம் பொருத்தமானதன்று. பல்லாயிரம் நிரல்களைத் திரட்டி, ஒன்றோடொன்று இயைவித்து, ஒரே தொகுதியாகப் பயனாளரிடம் சேர்ப்பதே லினக்ஸ் விநியோகம் எனப்படுவது. 1993 இல் தொடங்கப்பெற்று, தன்னார்வலர்களால் நடத்தப்பட்டுவரும் டெபியன் விநியோகத்தில் உறுதியான வெளியீடு என்பது மாறாத வெளியீட்டையே குறிக்கும். அறியப்பட்ட வழுக்கள் அதில் இருத்தலுங்கூடும். நேற்று இயங்கியவாறே இன்றும் இயங்கும் என்பதே அதன் உறுதிமொழி.

புதிய பதிப்புகள் முதலில் நிலையற்ற பிரிவினுள் நுழைகின்றன. பாரதூரமான வழு வெளிப்படாதவிடத்துச் சில நாள்களின் பின் சோதனைப் பிரிவை அடைகின்றன. ஏறத்தாழ ஈராண்டுக்கொருமுறை அப்பிரிவில் மாற்றங்கள் நிறுத்தப்பட்டு, அதுவே உறுதியான வெளியீடாகின்றது. அதன்பின் பாதுகாப்புக் குறை ஏதும் கண்டறியப்படின், புதிய பதிப்பிலுள்ள திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்பிற் பொருத்துவதே பொதுவழக்கு. (இணைய உலாவிகள் இதற்கு விலக்கு, அவற்றின் மாற்றவேகத்துக்கு இம்முறை ஈடுகொடுப்பதில்லை.) அசைவற்றதாகத் தோன்றும் பொருளின் பின்னால் ஓயாத உழைப்பு உளது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

2002 யூலைக்குப் பின்னர் டெபியனின் அடுத்த உறுதியான வெளியீடு 2005 யூனிலேயே வந்தது. இவ்விடைவெளியில், 2004 ஒக்டோபரில், ஆறு மாதத்துக்கொரு வெளியீடு என்ற திட்டத்துடன் உபுண்டு தோன்றியது. இதனைச் சந்தைப் போட்டியின் வெற்றி எனக் கொள்வாருளர். அதன் மூலப்பொருள் டெபியனின் நிலையற்ற பிரிவிலிருந்தே பெறப்பட்டது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

2024 மார்ச்சில் எக்ஸ் இசற் என்னும் சுருக்க நிரலிற் கள்ளவழியொன்று புகுத்தப்பட்டிருந்தமை அம்பலமானபோது, டெபியனின் நிலையற்ற பிரிவும் சோதனைப் பிரிவும் அதனை ஏற்றிருந்தன; உறுதியான வெளியீடு தப்பிற்று. ஆயின் தாமதம் எப்பொழுதும் காப்பதில்லை. டெபியனார் 2006 இல் ஓப்பின் எஸ்.எஸ்.எல். நிரலிற் செய்த மாற்றமொன்று மறைக்குறியீட்டுச் சாவிகளை எளிதில் ஊகிக்கத்தக்கனவாக்கியது; உறுதியான வெளியீட்டினுள்ளும் புகுந்த அக்குறை 2008 மே மாதத்திலேயே வெளிப்பட்டது.

எனவே வேகமா நிதானமா என்பதனிலும், அதனைத் தீர்மானிப்போர் யாவர் என்ற வினாவே அடிப்படையானது. றெட் ஹற் நிறுவனத்தின் வணிக விநியோகத்தினது மூலநிரலிலிருந்து கட்டப்பட்ட இலவச விநியோகம் சென்ற் ஓ.எஸ். அதன் எட்டாம் பதிப்பு 2029 வரை பேணப்படும் என நம்பிப் பலர் அதனை நிறுவியிருந்தனர். 2021 முடிவுடன் அது நிறுத்தப்படும் என 2020 டிசெம்பரில் அறிவிக்கப்பட்டது. வணிக வெளியீட்டுக்கு முன்னோடும் 'ஸ்ற்றீம்' என்பதே இனித் தொடரும் என்றனர். மூலநிரல் பொதுவுடைமையாக இருந்தது. பராமரிப்பு உழைப்பும் காலவரையறையும் நிறுவனத்தின் பிடியில் இருந்தன. 2021 இல் றொக்கி லினக்ஸையும் அல்மா லினக்ஸையும் தோற்றுவித்தோர் நிரலைப் புதிதாக எழுதவேண்டியிருக்கவில்லை. அவ்வுழைப்பையே தம் தோளில் ஏற்கவேண்டியிருந்தது.