தட்டில் சோறு இருந்தும் உண்ண இயலாதவர்கள்

வாசலில் நிற்பவரிடம் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்ட பிறகே வந்த காரியம் கேட்பது நம் ஊர் வழக்கம். பாகூர்ப் பகுதியோ புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றது. இத்தகைய ஊரில், வீட்டில் குறையேதும் இல்லாதபோது ஒரு பிள்ளை மாதக்கணக்கில் தட்டை ஒதுக்கினால், பெற்றோர் திகைப்பது இயல்பே. மஞ்சள் காமாலையோ, வயிற்றில் பூச்சியோ, கண்ணேறோ, யாரேனும் 'மருந்து வைத்து' விட்டார்களோ என்று எண்ணம் பல பக்கம் ஓடும். மந்திரிப்பதற்கும் தாயத்துக்கும் பல வாரங்கள் கழிந்துவிடும்.

முதலில் உடல் நோய் உண்டா என்று பார்ப்பது முறையே. காசநோய், தைராய்டு மிகைச் சுரப்பு, நீரிழிவு, குடற்புண் ஆகியவையும் எடையைக் குறைக்கும். ஆனால் பரிசோதனைகளில் ஒன்றும் தென்படாமல் எடை மட்டும் இறங்கிக்கொண்டே போனால், "ஒன்றுமில்லை" என்று திரும்பிவிடலாகாது. அது உண்ணல் கோளாறாக இருக்கக்கூடும்.

இது நகரத்துப் பெண்களின் புதுமோகம் என்று சிலர் கருதுகின்றனர். இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன் 1689ஆம் ஆண்டிலேயே இத்தகைய நோயாளிகளைக் குறித்து எழுதினார். உணவை மறுத்து மெலியும் நிலைக்கு அனொரெக்சியா நெர்வோசா என்னும் பெயர் 1870களில் அமைந்தது. அச்சொல்லுக்குப் பசியின்மை என்பது பொருள். ஆயினும் நோயாளிக்குப் பசி உண்டு, பசியோடுதான் அவர் போராடுகிறார். அடக்க இயலாமல் மிகுதியாக உண்டு, பின் வலிந்து வாந்தியெடுக்கும் புலிமியா நெர்வோசாவை ஜெரால்டு ரசல் 1979இல் விவரித்தார். வாந்தியெடுக்காமல், மறைவில் அளவிறந்து உண்டு வெட்கத்தில் உழலும் நிலையும் தனிக் கோளாறே. ஆண்களுக்கும் இவை வருவதுண்டு.

நம் நாட்டில் இந்நோய் சற்று வேறு முகத்துடன் வருகிறது. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தினர் 1995இல் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினர். உணவு மறுப்பு, ஓயாத வாந்தி, எடையிழப்பு, மாதவிடாய் நின்றுபோதல் ஆகியவை அவர்களிடம் இருந்தன. மேலைநாட்டு நூல்கள் முதன்மையாகக் கூறும் 'நான் பருமனாக இருக்கிறேன்' என்னும் திரிந்த எண்ணம் காணப்படவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை மனநலப் பிரிவிலிருந்து 2007இல் வெளிவந்த ஆய்விலும், உண்ணல் கோளாறு கொண்ட பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்பட்டது மன நெருக்கடியால் வரும் வாந்தியே. ஆகவே, "என் மகள் அழகைப் பற்றிக் கவலைப்படுபவள் அல்லள், அவளுக்கு இந்நோய் இராது" என்று எந்தத் தாயும் முடிவு செய்துவிட வேண்டாம்.

விரதம் குறித்தும் கூற வேண்டும். புரட்டாசிச் சனி, கந்த சஷ்டி, தவக்காலம், ரமலான் நோன்பு ஆகிய எதுவும் நோயன்று. விரதத்துக்கு நாளும் முடிவும் உண்டு. முடிந்ததும் வீட்டாரோடு அமர்ந்து உண்பர். முடிவே இல்லாமல் நீளும் விரதமும், உணவைத் தவிர்க்கப் புதிது புதிதாகக் காரணம் தேடும் விரதமும் கவனத்துக்குரியவை. உண்டவுடன் குளியலறைக்குச் செல்லுதல், விரல் முட்டிகளில் தழும்பு, பல்லின் மேற்பூச்சு தேய்தல், எந்நேரமும் குளிர்தல், பிறருக்கு ஆசையாய்ச் சமைத்துவிட்டுத் தான் உண்ணாதிருத்தல் ஆகியனவும் அவ்வாறே.

"பிடிவாதம்" என்று வீட்டார் சினம் கொள்வதுண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944–45இல் நடந்த சோதனை ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. நலமுள்ள 36 ஆண்கள், தாமே முன்வந்து, ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தனர். அவர்கள் எரிச்சலுற்றனர், ஒதுங்கினர், சோர்ந்தனர். நாள் முழுதும் உணவைப் பற்றியே எண்ணிச் சமையல் நூல்களைப் புரட்டினர். பட்டினியே மனத்தை இவ்வாறு மாற்றும் எனில், பிள்ளையிடம் நாம் காணும் பிடிவாதத்தில் ஒரு பங்கு பட்டினியின் வேலையே. உடலுக்கு உணவு சேரும்வரை அறிவுரை உள்ளே இறங்குவது கடினம்.

மனநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றில் அனொரெக்சியாவும் ஒன்று. அடிக்கடி வாந்தியெடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தடுமாறும். மற்றோர் ஆபத்தைப் பலர் அறியார்: நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு அன்பின் மிகுதியால் திடீரென நிறைய ஊட்டினால், பாஸ்பரஸ் முதலிய உப்புகள் சரிந்து உயிருக்கே இடர் நேரலாம். மிகவும் மெலிந்தவருக்கு உணவைக் கூட்டும் அளவை மருத்துவரே வகுக்க வேண்டும். மயக்கம், படபடப்பு, வாந்தியில் இரத்தம், நீரும் அருந்தாமை, சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை இருந்தால் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

குடும்பத்தின் பங்கு பெரிது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான முறையில், வளரிளம் பருவத்தினருக்கு உணவூட்டும் பொறுப்பைப் பெற்றோரே மருத்துவர் துணையுடன் ஏற்கின்றனர். யார் தவறு என்று அம்முறை தேடுவதில்லை. வேளை தவறாமல் உணவு வையுங்கள், உடன் அமர்ந்து உண்ணுங்கள், உண்ட பின் ஒரு மணி நேரம் உடனிருங்கள். பந்தியில் எடையைப் பற்றிய பேச்சே வேண்டாம். "இப்போதுதான் முகத்தில் களை வந்திருக்கிறது" என்று அத்தை மகிழ்ந்து கூறுவதும், தேறிவரும் பெண்ணின் காதில் "பருத்துவிட்டாய்" என்றே விழும். உறவினரிடம் இதை முன்கூட்டிச் சொல்லிவைப்பது நலம்.

இதைப் படிக்கும் நீங்களே அந்நிலையில் இருந்தால், நம்பத்தக்க ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். இப்பக்கத்தை அவர் கையில் கொடுத்தாலும் போதும். வாந்தியெடுத்திருந்தால் உடனே பல் துலக்காமல் வெறும் நீரால் வாய் கொப்பளியுங்கள்.

முதற்கட்டமாகக் கரிக்கலாம்பாக்கம் சமுதாய நலவழி மையத்தின் மருத்துவரைக் காணலாம். மனநலச் சிகிச்சை தேவையெனில் கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் மனநல மருத்துவத் துறை உள்ளது. வெளியே சொல்லத் தயங்குவோர் டெலி மனாஸ் எண் 14416ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த அரசுச் சேவை கட்டணமின்றி இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். மருத்துவரிடம் செல்லும்போது எடை எப்போது குறையத் தொடங்கியது, மாதவிடாய் கடைசியாக வந்த நாள், ஒரு நாளில் உண்பது என்ன, உட்கொள்ளும் மருந்துகளும் நாட்டு மருந்துகளும் எவை என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். பேதி மாத்திரை உட்கொள்வது தெரிந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.