இருட்டைப் படமெடுக்கும்போது உள்ளே வரும் வெளிச்சம்

இரவு வானத்தைப் படமெடுப்பவர்கள் கமராவை மூடிவிட்டும் சில படங்கள் எடுப்பார்கள். அவை ‘டார்க் பிரேம்’ எனப்படும். இருட்படங்கள் என்று சொல்லலாம்.

காரணம் எளிது. ஒரு படத்துக்கு 3 நிமிடம் வீதம் எடுக்கும்போது நட்சத்திர ஒளி மட்டும் பதிவாவதில்லை. சென்சரின் வெப்பத்தால் உண்டாகும் போலிப் புள்ளிகளும் சேர்ந்தே பதிவாகின்றன. அதே நேர அளவு, அதே ஐ.எஸ்.ஓ., அதே வெப்பநிலையில் மூடியைப் போட்டு 20, 30 படங்கள் எடுத்தால் அந்தப் புள்ளிகள் மட்டும் கிடைக்கும். அவற்றின் சராசரியை மென்பொருள் வான்படத்திலிருந்து கழித்துவிடும். சென்சரின் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் கூடினால் இந்த வெப்பப் பதிவு இருமடங்காகும். எங்கள் வெக்கையான இரவுகளில் இருட்படம் அவசியமாவது இதனால்தான்.

நண்பர் ஒருவர் மன்னார்க் கரையோரத்தில் எடுத்த ஒமேகா சென்டோரி நட்சத்திரக் கொத்தின் படத்தை எனக்குக் காட்டினார். வலது பக்கம் கறுத்துக் கிடந்தது. வான்படங்களில் குறையில்லை. இருட்படங்களை மறுநாள் பகலில் வீட்டு விறாந்தையில் எடுத்திருந்தார். எங்கோ ஓர் இடுக்கால் வெளிச்சம் கசிந்திருக்கிறது. மென்பொருளுக்கு அது தெரியாது. கசிந்த வெளிச்சத்தைக் கமராவின் குறையாக எண்ணி, அந்த அளவுக்கு உண்மையான நட்சத்திர ஒளியையும் கழித்துவிட்டது. ஒரே இருட்படத் தொகுதியைப் பல இரவுகளுக்குப் பயன்படுத்துபவர்களுக்கு அத்தனை இரவுகளின் படமும் கெடும்.

கசிவைக் கண்டுபிடிக்க, இருட்படத்தின் பிரகாசத்தை மென்பொருளில் நன்றாகக் கூட்டிப் பார்க்கிறேன். சிதறிய புள்ளிகள் மட்டும் தெரிந்தால் நல்லது. ஒரு பக்கம் வெளிறியோ, பட்டையாகவோ தெரிந்தால் சந்தேகிக்க வேண்டும். ஆனால் சில சென்சர்களின் ஓரத்தில் அவற்றின் சொந்த மின்சுற்றாலும் ஒளிர்வு வரும். அதைக் கழிப்பதுதான் சரி. இரண்டையும் பிரித்தறிய, மின்குமிழ் எரியும் அறையில் ஒரு படமும் முற்றாக இருண்ட அறையில் ஒரு படமும் அதே அளவுகளில் எடுங்கள். ஒளிர்வு மாறாவிட்டால் அது கமராவினுடையது. இருண்ட அறையில் குறைந்தால் வெளிச்சம் கசிகிறது.

பிறகு இருண்ட அறையில் 60 செக்கன் படங்களாக எடுத்து, ஒவ்வொரு படத்தின்போதும் ஓர் இடத்தில் மட்டும் டோர்ச் அடியுங்கள். எந்த இடத்துக்கு அடிக்கும்போது படம் வெளிறுகிறதோ, வழி அதுதான்.

டி.எஸ்.எல்.ஆர். கமராக்களில் முதலில் பார்க்க வேண்டியது கண் வைத்துப் பார்க்கும் துவாரம். அதை மூட ஒரு சிறு றப்பர் மூடி பல கமராக்களின் தோள்பட்டியிலேயே இருக்கும். அடுத்தது பிளாஸ்டிக் மூடி. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் சில பிளாஸ்டிக்குகள் அகச்சிவப்புக் கதிரை விடும். அகச்சிவப்பு வடிகட்டி அகற்றப்பட்ட கமராவில் இது அதிகம் தெரியும். மூடியின் மேல் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றினால் போதும். நியூட்டன் வகைத் தொலைநோக்கியானால் பிரதான ஆடியின் பின்புறத்தையும் மறையுங்கள். கமரா முழுவதையும் துணியால் சுற்ற வேண்டாம். வெப்பம் ஏறி இருட்படம் பொருந்தாமல் போகும். வான்படம் முடிந்த கையோடு, அதே இரவில் எடுப்பதே பாதுகாப்பு.

கெட்ட படங்களின் மூலக்கோப்புகளை அழிக்காதீர்கள். கசிவை அடைத்து, அதே வெப்பநிலையில் புதிய இருட்படங்கள் எடுத்தால், பழைய இரவின் வானத்தைத் திரும்பப் பெறலாம். நண்பரின் படம் அப்படித்தான் மீண்டது.