வாங்க, நர்சிங் ஹோம் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போம்!

அரசாங்கச் சுற்றறிக்கை என்றாலே கொட்டாவி வருகிறதா? இந்த ஒரு தடவை என்னோடு வாருங்கள். அமெரிக்காவில் நர்சிங் ஹோம்கள், அதாவது மருத்துவப் பராமரிப்போடு கூடிய முதியோர் இல்லங்கள், கிட்டத்தட்ட 15,000 இருக்கின்றன. கொரோனா காலத்தில் அவற்றை அரசு எப்படிக் கண்காணித்தது என்று சொல்லும் தாள்கள் கையில் கிடைத்துவிட்டால் கீழே வைக்க மனசே வராது!

முதலில் சர்வேயர். மாநில அரசின் ஆய்வாளரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். முன்கூட்டித் தகவல் சொல்லாமல் வந்து நிற்பார். அவர் கையில் இருப்பது சி.எம்.எஸ். என்ற மத்திய அமைப்பின் விதிகள். அவற்றுக்கு அடிப்படை 1987-ல் வந்த சட்டம். 2020 மார்ச்சில் வழக்கமான ஆய்வுகளை நிறுத்திவிட்டு, தொற்றுத் தடுப்பை மட்டும் பார்க்கும் ஆய்வுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். கையுறையைக் கழற்றிய உதவியாளர் கை கழுவினாரா? மாஸ்க் மூக்கை மூடியிருக்கிறதா? ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும் அந்தச் சில நொடிகளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பதுதான் அவர் வேலை.

பார்த்ததெல்லாம் எங்கே போகிறது தெரியுமா? படிவம் 2567! இடப்பக்கம் குறை, வலப்பக்கம் அதை எப்படி, எந்தத் தேதிக்குள் சரிசெய்வோம் என்ற இல்லத்தின் பதில். முதியவர்களின் பெயர் இருக்காது, எண்தான். தொற்றுத் தடுப்புக் குறைக்கு எஃப் 880 என்று குறியீடு. அதோடு விடுவதில்லை. ஏ முதல் எல் வரை பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்று உண்டு. கீழிருந்து மேலே போகப் போகக் குறை கடுமையாகும். இடமிருந்து வலமாகப் போகப் போக அது பரவியிருக்கும் அளவு கூடும். ஒருவர் விஷயத்தில் மட்டும் தவறு, பாதிப்பு வரக்கூடும், ஆனால் இன்னும் வரவில்லை என்றால் டி. அதே தவறு இல்லம் முழுக்க என்றால் எஃப். ஜே, கே, எல் மூன்றும் உயிருக்கே உடனடி ஆபத்து என்ற வரிசை. கை கழுவாத ஒரு நிமிடத்தை இத்தனை நுணுக்கமாக எடை போடும் ஏற்பாடு எனக்கு உண்மையிலேயே பிரமிப்பு!

ஆனால் இதே சி.எம்.எஸ். அமைப்புதான் 2020 மார்ச் 13 அன்று கதவையும் சாத்தியது. சியாட்டில் அருகே கிர்க்லண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் தொற்று வெடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மரணத் தறுவாயில் இருப்பவரைப் பார்ப்பது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பார்வையாளர் யாருக்கும் அனுமதி இல்லை. பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசினார்கள். வைரஸோ தினமும் வேலைக்கு வந்துபோகும் ஊழியர்கள் வழியாகவும் உள்ளே நுழைந்தது. ஊழியர்களுக்குப் பரிசோதனை கட்டாயம் என்ற மத்திய விதி ஆகஸ்ட் கடைசியில்தான் வந்தது. மகளை வாசலில் நிறுத்த மார்ச்சிலேயே முடிந்தவர்களுக்கு இதற்கு மட்டும் ஐந்து மாதம் எதற்கு? இதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. செப்டம்பரில் திறந்தவெளிச் சந்திப்புக்கு வழி பிறந்தது. எல்லா முதியவர்களையும் எந்நேரமும் பார்க்கலாம் என்ற உத்தரவு வர 2021 நவம்பர் 12 ஆயிற்று.

இப்போது எனக்கு மிகப் பிடித்த விதி. ஐந்து மணி விதி! 2020 மே மாதம் வந்தது. இல்லத்தில் ஒருவருக்குத் தொற்று உறுதியானாலோ, 72 மணி நேரத்துக்குள் மூன்று பேருக்குப் புதிதாக மூச்சுக்கோளாறு அறிகுறி தென்பட்டாலோ, மறுநாள் மாலை 5 மணிக்குள் அங்கே வசிப்பவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் சொல்லியாக வேண்டியிருந்தது. போனில் சொல்லலாம், காகிதத்தில் கொடுக்கலாம், இணையத்தில் போடலாம் என்றிருந்தது. சொல்லாமல் இருக்கத்தான் வழி இருக்கவில்லை. கூடவே, வாரம் தவறாமல் சி.டி.சி. என்ற மத்திய நோய்த்தடுப்பு அமைப்புக்குக் கணக்கு அனுப்ப வேண்டியிருந்தது. எத்தனை தொற்று, எத்தனை மரணம், மாஸ்க் கையிருப்பு எவ்வளவு, ஆள் பற்றாக்குறை உண்டா என்று எல்லாம். கெடு ஞாயிறு இரவு 11.59! தவறினால் முதல் அபராதம் 1,000 டாலர். மறுபடி தவறினால் ஒவ்வொரு தடவையும் 500 டாலர் கூடியது. இதற்கு முன் மத்திய அரசுக்கு இந்தக் கணக்கைக் கொடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் எந்த இல்லத்துக்கும் கிடையாது. அடுத்த மாதமே, ஒவ்வோர் இல்லத்தின் எண்ணிக்கையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் ஏறிவிட்டது.

அத்தனை உத்தரவுகளிலும் குடும்பங்களை நம்பியது இந்த ஐந்து மணி விதி ஒன்றுதான். அதனாலேயே எல்லாவற்றிலும் சிறந்தது இது என்பேன்.

அமெரிக்காவில் அம்மாவுக்கோ மாமனாருக்கோ இடம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வரவேற்பறையின் அழகைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கடைசியாக நடந்த ஆய்வின் அறிக்கையை, யாரையும் கேட்காமலே எடுத்துப் படிக்கும் இடத்தில் இல்லம் வைத்திருக்க வேண்டும். முந்தைய மூன்று வருட அறிக்கைகளைக் கேட்டால் காட்ட வேண்டும். அது சட்டம். தயங்காமல் கேளுங்கள், எஃப் 880 என்ற வரியை முதலில் தேடுங்கள்.