ஈரமான நாட்டில் ஏன் இந்த வறட்சி?

மலேசியாவில் பனிக்காலம் கிடையாது. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். மழை பெய்தால் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. அப்படிப்பட்ட ஊரில் வாழும் நமக்குக் கால்களில் வெள்ளை வெள்ளையாகச் செதில், வெடித்த குதிகால், தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு ஆகியவை ஏன் வருகின்றன?

குளிர்சாதனப் பெட்டி ஒரு முக்கியக் காரணம். ஜன்னலுக்கு வெளியே அதன் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் நீரைக் கவனித்திருப்பீர்கள். அது நம் அறைக்காற்றில் இருந்த ஈரம்தான். குளிர்ந்த சுருளில் பட்டு நீராகி வெளியேறுகிறது. அலுவலகத்தில் எட்டு மணி நேரம், வாகனத்தில் இரண்டு மணி நேரம், இரவில் படுக்கையறையில் ஏழு மணி நேரம் எனக் கணக்கிட்டால், நாளின் பெரும்பகுதியை நாம் உலர்ந்த காற்றில்தான் கழிக்கிறோம்.

செங்கல் சுவர்

நம் சருமத்தின் மேலடுக்கு உடலின் பெரும்பாலான இடங்களில் சுமார் 0.02 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளலாம். இறந்த செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே உள்ள செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சாந்து. சாந்து குறைந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிவிடும். வெளியிலிருந்து அழுக்கும் கிருமியும் எளிதில் நுழையும். வயது ஏற ஏற இந்தச் சாந்து குறைகிறது. தாத்தா பாட்டிகள் இரவெல்லாம் காலைச் சொறிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சவர்க்காரமும் இந்தச் சாந்தைக் கரைக்கிறது. சருமம் இலேசான அமிலத்தன்மை உடையது; அதன் பிஎச் அளவு 5-ஐ ஒட்டியிருக்கும். வழக்கமான சவர்க்காரக் கட்டியின் அளவோ 9 அல்லது 10. ஒரு நாளில் மூன்று முறை உடல் முழுவதும் நுரை பூசிச் சுடுநீரில் குளிப்பவருக்கு எந்தக் கிரீமும் முழுப் பலன் தராது.

எந்த எண்ணெய் நல்லது?

எண்ணெய் சருமத்துக்குள் நீரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. இருக்கும் நீரை வெளியேறவிடாமல் மூடிவைக்கிறது. அதனால்தான் காய்ந்த தோலில் தேய்ப்பதைவிட, குளித்துத் துடைத்த சில நிமிடங்களுக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே தடவுவது பயன் தருகிறது.

தேங்காய் எண்ணெய்க்கு அறிவியல் ஆதரவு உண்டு. 2004-ஆம் ஆண்டு பிலிப்பீன்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், வறண்ட சருமம் கொண்ட 34 பேர் இரண்டு வாரங்கள் கால்களில் எண்ணெய் தடவினர். சுத்தத் தேங்காய் எண்ணெய், கனிம எண்ணெய்க்கு இணையாக ஈரத்தைக் காத்தது.

இயற்கையான எண்ணெய் எல்லாமே அப்படியல்ல. 2013-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் ஆலிவ் எண்ணெயைச் சில வாரங்கள் கையில் தடவிப் பார்த்தபோது, அது சருமச் சுவரைப் பலவீனப்படுத்தியது. சூரியகாந்தி எண்ணெய் அத்தகைய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. குழந்தைகளுக்கு ஆலிவ் எண்ணெய் தேய்ப்பவர்கள் இதை மனத்தில் கொள்ளலாம்.

ஓட்ஸும் நல்ல கைமருந்து. அதை நைசாக அரைத்து வெதுவெதுப்பான நீரில் கலந்து அரிக்கும் இடத்தில் ஊற்றிக் கழுவலாம். நுண்ணிய ஓட்ஸ் தூளைச் சருமப் பாதுகாப்புப் பொருளாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2003-இல் ஏற்றுக்கொண்டது.

சமையலறையில் எச்சரிக்கை

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்க்காதீர்கள். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பிக் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கக்கூடும். சமையல் சோடா காரத்தன்மை உடையது. சருமத்தின் அமிலத்தன்மையைக் கெடுக்கும். பச்சைப் பப்பாளியின் பால் தோலை அரிக்கும். கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு, உள்ளிருக்கும் சோற்றை மட்டும் பயன்படுத்துங்கள். எதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

தட்டில் என்ன இருக்கிறது?

1929-இல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற அமெரிக்கத் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்தனர். எலிகளின் தோல் செதில் செதிலாகியது. லினோலிக் அமிலம் சேர்த்ததும் அவை தேறின. இந்த அமிலத்தை நம் உடலால் தயாரிக்க முடியாது. உணவில்தான் பெற வேண்டும். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கொட்டை வகைகளில் இது நிறைய உண்டு. தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு. எடை குறைக்க எண்ணெயை அறவே ஒதுக்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சந்தையில் கெம்போங் என்று கேட்டு வாங்கும் கானாங்கெளுத்தி மீனில் ஒமேகா 3 கொழுப்பு உண்டு. முருங்கைக்கீரை, பூசணி, கேரட் ஆகியவற்றைச் சிறிது எண்ணெயில் சமைத்தால், தோல் செல்கள் வளரத் தேவையான வைட்டமின் ஏ சத்தை உடல் நன்றாக ஈர்த்துக்கொள்ளும். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். ஆனால், போதிய அளவு குடிப்பவர் கூடுதலாக நான்கு குவளை குடித்தால் தோல் மினுமினுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கைவைத்தியம் எங்கே நிற்க வேண்டும்?

வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால், இன்றே அவருடைய பாதங்களைப் பாருங்கள். நீரிழிவு நரம்பைப் பாதிக்கும்போது பாதத்தில் வியர்வை குறைந்து தோல் வறண்டு வெடிக்கும், உணர்வும் மங்கிவிடும். வெடிப்பில் புண் வந்தாலும் வலி தெரியாது. தெரியவரும்போது கிருமி ஆழமாக இறங்கியிருக்கலாம். பாதத்தில் தினமும் ஈரப்பதக் கிரீம் தடவ வேண்டும். விரல் இடுக்கில் மட்டும் தடவக்கூடாது, அங்கே ஈரம் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் தடவிய காலோடு முதியவர்களைக் குளியலறையில் நடக்கவிடாதீர்கள், வழுக்கிவிடும்.

வெடிப்பில் இரத்தம், சீழ், சிவப்பு, வீக்கம் தெரிந்தாலோ, இரண்டு வாரம் பராமரித்தும் அரிப்பு அடங்காவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, சிறுநீரகக் கோளாறுகளும் வறட்சியாகவும் அரிப்பாகவும் வெளிப்படுவது உண்டு. அம்மா "வெறும் வறட்சிதான், எண்ணெய் தடவினால் போய்விடும்" என்று சொன்னாலும், ஒரு முறை நீங்களே விளக்கைப் போட்டுக் குனிந்து அவர் பாதத்தைப் பாருங்கள்.