குறை கேட்கும் கருவியும் மருந்தறைத் தொழிலாளியும்

குறை சொல்லும் வாடிக்கைக்காரரே கடைக்கு உற்ற நண்பர் என்று நம் வியாபாரிகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். சொல்வது ஒன்று, செய்வது மற்றொன்று என்பதும் ஜனங்கள் அறிந்ததே. ஆனால் இக்காலத்தில் ஒரு தொழில் அந்த வார்த்தையைப் பெரும்பாலும் மெய்யாகவே கடைப்பிடித்து வருகிறது. பலர் கூடி வேலை செய்வதற்கென்று மென்பொருள் தயாரிக்கும் தொழிலே அது. முதலாளியும் குமாஸ்தாவும் ஏஜெண்டும் வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டே, ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்தவர்களைப்போலப் பேசவும், கணக்கு அனுப்பவும், படம் காட்டவும் அவை உதவுகின்றன. அயல்நாட்டு ஸ்லாக், மைக்ரோஸாப்ட் டீம்ஸ், நம் நாட்டு ஸோஹோ கிளிக் என்று அவற்றுக்குப் பல பெயர்கள். காரியாலயத்துக்கென்று செய்யப்படாவிட்டாலும் பாதிக் காரியாலயங்களை நடத்திக்கொண்டிருக்கும் வாட்ஸ்அப்பையும் இந்த வரிசையில் சேர்க்கத்தான் வேண்டும். இவற்றில் புதுப்புது வசதிகள் ஓயாமல் சேர்ந்த வண்ணம் இருக்கின்றன. அவை யார் கேட்டுச் சேர்கின்றன? சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துத் தொழிலாளிக்கு இந்தக் கேள்வியில் என்ன அக்கறை என்று சிலர் நினைக்கலாம். நிரம்ப அக்கறை இருக்கிறது என்பதே நம் அபிப்பிராயம்.

குறை கேட்கும் முறையை முதலில் பார்ப்போம். உபயோகிப்பவர்கள் தங்களுக்கு வேண்டியதை எழுதித் தெரிவிப்பதற்கு இந்த ஸ்தாபனங்கள் ஒரு பொது இடம் வைக்கின்றன. ஒருவர் எழுதியதைப் பிறர் படித்து, எனக்கும் இதுவே வேண்டும் என்று கை தூக்குகிறார்கள். அதிகக் கைகள் உயர்ந்த கோரிக்கை மேலே வருகிறது. டீம்ஸ் மென்பொருளில் ஒரு குழுவுக்குள்ளேயே சிலர் மட்டும் தனித்துப் பேசும் அறை வேண்டுமென்று பல்லாயிரவர் இவ்விதம் கேட்டார்கள். 2019 நவம்பரில் அது கிடைத்தது. ஸ்லாக் ஸ்தாபனத்தின் அநுபவம் இன்னும் ரஸமானது. 2021 மார்ச்சில், எந்தக் கம்பெனியில் உள்ளவரும் வேறு எந்தக் கம்பெனியில் உள்ளவருக்கும் அழைப்பு அனுப்பலாம், அத்துடன் தாம் விரும்பிய வாசகத்தையும் சேர்க்கலாம் என்று அது ஒரு வசதியை வெளியிட்டது. வம்புக்காரர்கள் கையில் இது வசைக்கடிதம் எழுதும் உரிமையாகிவிடுமென்று கூச்சல் எழுந்தது. வாசகம் சேர்க்கும் பகுதியை ஸ்தாபனத்தார் உடனே எடுத்துவிட்டார்கள். சர்க்கார் காரியாலயங்களில் மனுக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து பழகிய நமக்கு இந்த வேகம் வியப்பளிக்கத்தான் செய்யும்.

நம் சிவகாசி அச்சகங்களுக்கும் இதனால் பலன் கிடைக்காமல் இல்லை. தீப்பெட்டி செய்யும் வித்தையை அறிய 1922-இல் கல்கத்தா சென்று திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் மறு ஆண்டு தொடங்கிய தொழிலிலிருந்துதான் பிற்பாடு அச்சுத் தொழிலும் கிளைத்தது. தீப்பெட்டிக்கு வர்ணச் சீட்டு வேண்டியிருந்தது. சீட்டுக்கு அச்சு யந்திரம் வேண்டியிருந்தது. இன்று ஆடிப் பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாகிறதென்றால், அதன் பிறகு மாதக்கணக்கில் புரூப் போவதும் திருத்தம் வருவதுமாக இருக்கும். முன்பு தபாலில் நடந்த இந்தப் போக்குவரத்து இப்போது கைப்பேசியில் நடக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் சுருங்கி, மங்கிப்போய்ச் சேரும். முருகன் படத்தில் வேலின் முனை தெளியாது; கடைக்காரர் விலாசத்தில் எழுத்து விழுந்ததா இல்லையா என்று புரியாது. ஆதலால் படத்தைப் படமாக அனுப்பாமல் தஸ்தாவேஜு என்று சொல்லி அனுப்பும் தந்திரம் ஒன்று வழக்கத்துக்கு வந்தது. உலகெங்கும் இதே குறை. 2023 ஆகஸ்டில் தெளிவான படமாகவே அனுப்பும் வசதி வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில், அனுப்பிய செய்தியைக் கால் மணி நேரத்துக்குள் திருத்திக்கொள்ளும் உரிமையும் வந்திருந்தது. பெட்டி விலையில் ஒரு சுழியை விட்டுவிட்டு அனுப்பியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தனியாக முணுமுணுத்த குறைக்கும், பலர் அறியச் சொன்ன குறைக்கும் கிடைக்கும் மரியாதை வேறு வேறு. திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பியபோது, கப்பலில் வந்த அவருடைய டெலிவிஷன் உடைந்து வந்தது. நஷ்ட ஈடு கேட்டுப் பல மாதம் எழுதியும் பேசியும் பயனில்லை. அவரைப்போல ஊர் திரும்புகிறவர்கள் கூடிப் படிக்கும் இணையப் பலகையில் விஷயத்தை எழுதினார். கம்பெனித் தலைவரே மன்னிப்புக் கேட்டார், பணமும் வந்து சேர்ந்தது. வாடிக்கைக்காரர் குறைகளைக் கேட்டுத் தீர்ப்பதற்கென்றே ஒரு மென்பொருள் ஸ்தாபனத்தை அவர் 2010-இல் சென்னையில் தொடங்கினார். அதன் பங்குகள் 2021 செப்டம்பரில் நியூயார்க் நாஸ்டாக் சந்தையில் ஏறின. உடைந்த டெலிவிஷன் ஒன்று இவ்வளவு தூரம் போயிற்று.

இவ்வளவும் நல்ல செய்திதான். ஆனால் குறை சொன்னவர்கள் யார்? காசு கொடுத்து வாங்குகிறவர்கள், அல்லது எழுதத் தெரிந்தவர்கள், அதிலும் பெரும்பாலும் இங்கிலீஷில் எழுதத் தெரிந்தவர்கள். காரியாலய மென்பொருளை வாங்குபவர் முதலாளி. அதை நாள் முழுதும் உபயோகிப்பவர் சிப்பந்தி. முதலாளிக்கு வேண்டிய வசதி வேறு, சிப்பந்திக்கு வேண்டியது வேறு. யார் எப்போது வந்தார், எதைப் படித்தார் என்று தெரிய வேண்டும் என்பார் முதலாளி. அவரே வாடிக்கைக்காரராதலால் அவர் வாக்குக்கே மதிப்பு. இலவசமாகக் கிடைக்கும் வாட்ஸ்அப்பிலும் இந்த ஏற்றத்தாழ்வைக் காணலாம். செய்தியைப் படித்துவிட்டதற்கு அடையாளமான நீலக் குறி 2014 நவம்பரில் வந்தபோது ஜனங்கள் வெகுண்டார்கள்; சில வாரங்களுக்குள் அதை அணைத்துக்கொள்ளும் உரிமை தரப்பட்டது. ஆனால் அந்த உரிமை தனிப் பேச்சுக்கு மட்டுமே தரப்பட்டது, குழுவுக்குத் தரப்படவில்லை. தொழிற்சாலைக் குழுவில் போர்மேன் இரவு 10 மணிக்கு ஓர் உத்தரவு போட்டால், அதைத் திறந்தவர் யார், திறக்காதவர் யார் என்ற ஜாபிதா அவர் கையில் இருக்கிறது. நாளை ஏதேனும் விபரீதம் நேர்ந்தால், எச்சரிக்கையைப் படித்திருக்கிறாயே என்று கேட்பதற்கு அந்தக் குறி போதும். அந்த எச்சரிக்கையை நிறைவேற்ற வேண்டிய வசதிகள் அறையில் இருந்தனவா என்பதற்கு எந்தக் குறியும் கிடையாது.

இதைப் பட்டாசு வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் விஷயத்தின் கனம் தெரியும். மருந்து கையாளும் அறைக்குள் கைப்பேசி போகலாகாது. தீயோடு விளையாட்டு ஏது? வாயிலிலேயே கொடுத்துவிட்டுப் போகும் அந்தப் பெண் தொழிலாளி மாலையில்தான் அதைத் திரும்ப வாங்குகிறார். பகல் முழுதும் உள்ளே நடப்பதை வெளியே சொல்ல அவருக்குக் கருவி இல்லை. மாலையிலோ சொல்லத் துணிவு வருவதில்லை. ஓர் அறைக்கு 4 பேருக்கு மேல் கூடாது என்பது விதி. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் 30 பேருக்கு மேல் மாண்டபோதும், 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் கருகியபோதும், உள்குத்தகை, மிகுதியான ஆட்கள், மிகுதியான மருந்து என்ற மூன்றும் பேச்சில் அடிபட்டன. ஓர் அறையில் 4 பேருக்குப் பதில் 7 பேர் உட்கார்ந்தால் அது முதலில் யாருக்குத் தெரியும்? நாகபுரியில் தலைமை வைத்திருக்கும் வெடிபொருள் இலாகாவுக்கா, ஜில்லாக் கலெக்டருக்கா? அந்த ஏழு பேருக்குத்தான் தெரியும்.

பட்டாசைப் பற்றிய பிறர் குறைகள் எவ்வளவு விரைவில் செவியேறின என்பதையும் பாருங்கள். புகை மிகுகிறது என்று டில்லிவாசிகள் வழக்காடினார்கள். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு பேரியம் உப்புக்களையும் சரவெடியையும் விலக்கித் தீர்ப்பளித்தது. நீரி என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனம் பசுமைப் பட்டாசுக்கான கலவைகளை வகுத்துக் கொடுத்தது. பெட்டிமேல் கட்டக்கோடு அச்சாயிற்று. அதைக் கைப்பேசியில் காட்டினால் உள்ளே இருப்பது பசுமைப் பட்டாசா என்று வாங்குகிறவர் அறியலாம். நியாயமான ஏற்பாடுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பெட்டியை வாங்குகிறவருக்கு ஒரு கோடு கிடைத்தது போலப் பெட்டியை நிரப்புகிறவருக்கு ஒன்று கிடைத்ததா? இந்த அறைக்கு எத்தனை பேர், எவ்வளவு மருந்து, லைசென்ஸ் யார் பேரில், அது இன்று அமலில் இருக்கிறதா என்று அறைக் கதவிலோ ஆலை வாயிலிலோ பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு கோடு போட்டால் என்ன? அச்சடிப்பதற்குச் சிவகாசியில் ஆளுக்கா பஞ்சம்!

தொழிலாளர் பெயர் தெரியாமல் குறை சொல்லும் வழியும் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வாய் திறந்தால் அவருடைய எண் எல்லாருக்கும் தெரிவதாகவே அமைந்து வந்தது. அடுத்த நாள் வேலை வேண்டுகிறவர் அங்கே என்ன சொல்வார்? அடுத்தது மொழி. எழுதுவதைவிடப் பேசி அனுப்புவதே நம்மவருக்கு எளிது. பேச்சை எழுத்தாக்கித் தரும் வசதியை வாட்ஸ்அப் 2024 நவம்பரில் அறிவித்தது; தொடக்கத்தில் இடம்பெற்ற மொழிகளில் தமிழ் இல்லை. கோடிக்கணக்கானவர் பேசும் பாஷை ஏன் விடுபட்டது? கேட்டவர் குரல் போதவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

முதலாளிகள் தரப்பில் ஓர் ஆட்சேபம் வரும். பெயரில்லாத புகாரை அநுமதித்தால் போட்டிக்காரர்களும் பகையாளிகளும் அதையே ஆயுதமாக்குவார்கள். சட்டத்துக்கு உட்பட்டு நடத்துகிறவர்கள் துன்புறுவார்கள் என்பார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், விதிப்படி ஆலை நடத்துகிறவருக்குப் பெரும் போட்டியே விதியை மீறி மலிவாகச் செய்து தள்ளுகிறவர்தானே? அந்த மீறலை முதலில் காண்பவர் வாய் திறந்தால் லாபம் யாருக்கு என்பதை அவர்களே யோசிக்கட்டும்.

சுதேசி மென்பொருள் வந்துவிட்டதே, இனிக் கவலை என்ன என்பாரும் உண்டு. 1996-இல் தொடங்கிய ஸோஹோ ஸ்தாபனம் நம் ராஜ்யத்தின் பெருமை என்பதில் சந்தேகமில்லை. பட்டணத்தை விட்டுத் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக் கிராமத்தில் அது காரியாலயம் வைத்தது பாராட்டத் தக்கது. அதன் அரட்டை என்னும் செயலி 2025 செப்டம்பரில் திடீரென்று புகழ் பெற்று, நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில் மூன்றே நாளில் 3,50,000 பேர் சேரலானார்கள் என்று ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். சேர்ந்தவர்கள் உடனே ஒரு குறையைச் சுட்டினார்கள்: குரல் அழைப்புக்கு உள்ள முழுப் பூட்டு எழுத்துச் செய்திக்கு இல்லையே என்றார்கள். நவம்பரில் தனிப் பேச்சுக்கு அந்தப் பூட்டு போடப்பட்டது. சொன்னால் கேட்கிற ஸ்தாபனம்தான். எனினும் பூட்டு வேண்டுமென்று கேட்டவர்கள் கற்ற நகரவாசிகள். சுதேசி என்ற பெயர் ஒன்றினாலேயே மருந்தறைத் தொழிலாளியின் குரல் அதற்குள் புகுந்துவிடாது. புகுத்த ஆள் வேண்டும்.

விருதுநகருக்குக் கோரிக்கைப் பட்டியல் புதிதன்று. 12 கோரிக்கைகளை எழுதி வைத்து 1956 ஜூலையில் அவ்வூரில் உண்ணாவிரதம் அமர்ந்த சங்கரலிங்கனார் அவ்வாண்டு அக்டோபர் 13-ஆம் தேதி உயிர் நீத்தார். ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரியில்தான் வந்தது. மென்பொருள் ஸ்தாபனத்தாரிடம் கேட்பதற்கு அவ்வளவு பெரிய தியாகம் தேவையில்லை. பத்துப் பேர் கூடி எழுதினால் படிக்கிறார்கள், பதினாயிரம் பேர் எழுதினால் செய்கிறார்கள்.

ஆகையால் சாத்தூரிலும் சிவகாசியிலும் தொழிற்சங்க வேலை செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். ஆலை வண்டிகள் திரும்பும் மாலை வேளையில், திருத்தங்கலிலோ வெம்பக்கோட்டையிலோ திண்ணையில் உட்கார்ந்து, அந்தப் பெண்கள் கைப்பேசியில் எதைச் சொல்ல விரும்புகிறார்கள், எதைச் சொல்ல முடியவில்லை என்று அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், ஆலையும் வேண்டாம். தீபாவளி வேலை உச்சத்துக்கு ஏறுமுன் பட்டியல் முடிய வேண்டும். ஒரு பிரதி கலெக்டருக்கு, ஒன்று சிவகாசியிலுள்ள வெடிபொருள் இலாகாவுக்கு. மூன்றாவது பிரதியை இராஜபாளையம் வழியாகத் தென்காசி பஸ்ஸில் ஏறி மத்தளம்பாறையில் நேரிலேயே கொடுத்துவிடலாம்.